வைரஸா, கிரிஸ்பரா, தாவும் மரபணுவா: மரபணு சிகிச்சையில் எதை நம்பி இறங்குவது?

ஹீமோஃபிலியாவோ (ரத்தம் உறையாத நோய்) தலசீமியாவோ (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத நோய்) உள்ள பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர் சுற்றிச் சுற்றி ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பழுதான மரபணுவையே சரிசெய்யும் மரபணு சிகிச்சை வந்துவிட்டது என்கிறார்களே, இப்போதே சேர்ந்துவிடலாமா, இல்லை இன்னும் பாதுகாப்பானது வரும்வரை பொறுக்கலாமா? உயிரித் தொழில்நுட்பம் படிக்கிற மாணவர்களும் ஏறக்குறைய இதையே கேட்கிறார்கள். மரபணுவைச் சுமந்துபோகும் லென்டிவைரஸ், ஏஏவி என்ற வைரஸ்கள், டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் என்று ஏற்கெனவே ஒரு வரிசை இருக்கிறது. இப்போது தாவும் மரபணுக்களும் வந்து சேர்ந்திருக்கின்றன. இதில் எதைப் பிடித்துக்கொண்டு ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்வது?

தாவும் மரபணு என்பது குரோமோசோமில் ஓரிடத்திலிருந்து கழன்று வேறிடத்துக்குப் போகும் டிஎன்ஏ துண்டு. சில வகைகள் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு தன் நகலை மட்டும் வேறிடத்தில் செருகும். 1940-களில் பார்பரா மெக்லின்டாக் மக்காச்சோள மணிகளின் நிறப் புள்ளிகளைப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். நோபல் பரிசு 1983-இல்தான் வந்தது. நம் மரபணுத் தொகுப்பிலேயே ஏறத்தாழ 45 சதவீதம் இப்படித் தாவி வந்தவற்றின் மிச்சம். பெரும்பாலானவை செயலற்றுக் கிடக்கின்றன, சில இன்னும் தாவுகின்றன. ஹெய்க் கஸாஸியனின் குழு 1988-இல் ஹீமோஃபிலியா ஏ உள்ள 240 பேரைச் சோதித்தபோது, அதில் இரண்டு பேருக்கு எல்-1 என்ற தாவும் மரபணு, ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணி என்ற புரதத்தின் மரபணு நடுவில் புதிதாகப் போய் விழுந்திருந்தது. நோய்க்கு அதுதான் காரணம்.

நோயைக் கொடுத்த அதே வேலையை நோயைத் தீர்க்கவும் வாங்கலாமா? வாங்கலாம் என்றே நம்புகிறேன். ஆனால் எல்லாத் தாவும் மரபணுக்களையும் ஒரே தட்டில் வைத்துப் பேசினால் தப்பான முடிவுக்குத்தான் வருவோம். கண்ட இடத்தில் இறங்குகிற இனம் ஒன்று. விலாசம் பார்த்து, அந்த வீட்டில் மட்டும் இறங்குகிற இனம் இன்னொன்று. பாதுகாப்புக்கான பாடம் இரண்டாவது இனத்திடம்தான் இருக்கிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது

விளம்பரங்களும் செய்திகளும் "எத்தனை சதவீதம் வெற்றி" என்பதை முதலில் சொல்லும். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதல் கேள்வி, புது மரபணு எங்கே போய் உட்காருகிறது என்பது. தவறான இடத்தில் உட்கார்ந்தால் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் புற்றுநோய் மரபணு விழித்துக்கொள்ளலாம். இரண்டாவது, உட்காருவதற்காக டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் வெட்டப்படுகின்றனவா என்பது. மூன்றாவது, எவ்வளவு பெரிய மரபணுவைச் சுமக்க முடியும்.

நான்காவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: ஒருமுறை எடுத்தபின் தேவைப்பட்டால் மறுபடி எடுக்க முடியுமா? இல்லையென்றால் இன்றைய முடிவு நாளைய கதவையும் சேர்த்து மூடிவிடும். ஐந்தாவது, உடம்பும் கையிருப்பும் கொடுக்கவேண்டிய மறைமுக விலை: கீமோ, மருத்துவமனையில் தங்கும் மாதங்கள், குழந்தைப்பேறு பாதிப்பு, வருடக்கணக்கில் தொடரும் பரிசோதனை.

## லென்டிவைரஸ்

பழைய கதையிலிருந்து தொடங்கினால்தான் இது புரியும். 1999 வாக்கில் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் அலன் ஃபிஷர், மரினா கவஸானா குழு, நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்கு, குரோமோசோமில் தன்னைச் செருகிக்கொள்ளும் ரெட்ரோவைரஸ் மூலம் சரியான மரபணுவைக் கொடுத்தது. குழந்தைகள் தேறினார்கள். ஆனால் பாரிஸிலும் லண்டனிலுமாகச் சிகிச்சை பெற்ற 20 குழந்தைகளில் 5 பேருக்குப் பின்னால் ரத்தப் புற்றுநோய் வந்தது. ஒரு குழந்தை இறந்துபோனது. செல்களைப் பிரித்துப் பார்த்தபோது, பெரும்பாலும் வைரஸ் எல்எம்ஓ-2 என்ற மரபணுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அதை ஓயாமல் இயக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது.

அதற்குப் பிறகு துறை முழுக்க லென்டிவைரஸுக்கு மாறியது. எச்ஐவியிலிருந்து நோய் உண்டாக்கும் பாகங்களை எடுத்துவிட்டுச் செய்தது இது. மரபணுக்களின் தொடக்கத்தை விட்டு, நடுப்பகுதிகளில்தான் அதிகம் உட்காருகிறது என்பதால் ஆபத்து குறைவு. குறைவு, அவ்வளவுதான். ஏஎல்டி என்ற மூளை நோய்க்கான ஸ்கைசோனா சிகிச்சையில் 67 சிறுவர்களில் 7 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததாக 2024 அக்டோபரில் செய்தி வெளியானது. தலசீமியாவுக்கான சின்டெக்லோவும் லென்டிவைரஸ்தான், அதில் இப்படி நேரவில்லை. முக்கியமான வித்தியாசம், புது மரபணுவை இயக்கும் சுவிட்சில் இருக்கிறது. ஸ்கைசோனாவில் எல்லாச் செல்களிலும் பலமாக இயங்கும் வைரஸ் சுவிட்ச். சின்டெக்லோவில் சிவப்பணுத் தொடரில் மட்டும் இயங்கும் ஹீமோகுளோபின் சுவிட்ச். எந்த ஆய்வில் சேர்வதாக இருந்தாலும் "சுவிட்ச் எந்த வகை?" என்று கேட்டுவிடுங்கள். மருத்துவர் சொல்லத் தயங்க வேண்டிய விஷயமே இல்லை அது.

நம் ஊர் உதாரணம் இங்கேதான் வருகிறது. வேலூர் சிஎம்சியில் அலோக் ஸ்ரீவத்சவா தலைமையில் நடந்த ஆய்வில், கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ள 5 பேரின் ரத்த ஸ்டெம் செல்களை, அதாவது எல்லா ரத்த அணுக்களுக்கும் மூலமான செல்களை எடுத்து, லென்டிவைரஸ் மூலம் எட்டாம் காரணி மரபணுவைச் செருகித் திருப்பிக் கொடுத்தார்கள். சுவிட்ச், மோனோசைட் என்ற வெள்ளணு வகைச் செல்களில் இயங்குவது. 2024 டிசம்பரில் முடிவு வெளியானது. செருகிய செல்கள் உடம்பில் வேர் பிடித்த பிறகு, கண்காணித்த காலத்தில் யாருக்கும் ரத்தக்கசிவு இல்லை. 5 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, நீண்டகாலக் கணக்கு இனிமேல்தான் வரும். ஆனாலும் எட்டாம் காரணி ஊசிக்காக மருத்துவமனைக்கு நடையாய் நடந்த குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய சேதி என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

மறைமுக விலை: திருப்பிக் கொடுக்கும் செல்களுக்கு இடம் ஒழிக்க எலும்பு மஜ்ஜையைக் கீமோவால் காலி செய்ய வேண்டும். பிள்ளைப்பேறு பாதிக்கலாம். சேர்வதற்கு முன்பே விந்தணுவையோ கருமுட்டையையோ சேமித்து வைப்பது பற்றிப் பேசிவிடுவது நல்லது.

## ஏஏவி

இது பெரும்பாலும் குரோமோசோமில் சேராது. செல்லுக்குள் தனியாக மிதந்துகொண்டே வேலை செய்யும். உட்காரும் இடம் பற்றிய பயம் அதனால் குறைவு. கீமோவும் வேண்டாம், ஒரே ஊசி. தசைநார் நோயான எஸ்எம்ஏவுக்கு "16 கோடி ரூபாய் ஊசி" என்று நம் செய்தித்தாள்களில் வந்தது இதுதான்.

சுமக்கும் அளவு ஏறத்தாழ 4,700 டிஎன்ஏ எழுத்துகள். எட்டாம் காரணியே 7,000 எழுத்துக்கு வரும். வெட்டிச் சுருக்கித்தான் ஏற்ற வேண்டும். தசைச் சிதைவு நோய்க்கான டிஸ்ட்ரோஃபின் 11,000 எழுத்து. குரோமோசோமில் சேராததால் செல் பிரியப் பிரிய நீர்த்துப்போகும், அதனால் வளரும் குழந்தையின் ஈரலில் நிலைப்பது கஷ்டம். அதிக அளவில் கொடுத்த சில ஆய்வுகளில் ஈரல் செயலிழந்து இறப்புகளும் நேர்ந்திருக்கின்றன.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது இது: ஒருமுறை எடுத்துவிட்டால் உடம்பு அதற்கு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிவிடும். அதே வகை ஏஏவியை மறுபடி கொடுக்க முடியாது. பலன் பாதியில் குறைந்தால் அடுத்த வழி இன்னொரு தொழில்நுட்பம்தான்.

## கிரிஸ்பரும் எழுத்துத் திருத்தமும்

கிரிஸ்பரின் காஸ்-9 என்ற புரதம் குறித்த இடத்தில் இரண்டு இழையையும் வெட்டும். இதைக் கொண்டு செய்த காஸ்ஜெவி என்ற சிகிச்சை 2023 இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அமெரிக்க விலை 22 லட்சம் டாலர். புது மரபணு எதையும் அது செருகுவதில்லை. பிறந்த பிறகு அணைந்துபோகும் கருக்கால ஹீமோகுளோபினை மறுபடி இயங்க வைக்கிறது. சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் அரிவாள் செல் நோய்க்கும் தலசீமியாவுக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் இரண்டு இழையும் வெட்டப்பட்ட இடத்தில் சில செல்களில் பெரிய துண்டுகள் காணாமல் போவதும், குரோமோசோம் நொறுங்குவதும் ஆய்வகங்களில் காணப்பட்டிருக்கிறது.

வெட்டாமல் ஓர் எழுத்தை மட்டும் மாற்றும் முறை இன்னும் மென்மையானது. பிலடெல்பியாவில் சிபிஎஸ்-1 குறைபாட்டோடு (ரத்தத்தில் அம்மோனியா சேரும் மரபணு நோய்) பிறந்த ஒரு கைக்குழந்தைக்கு, அதற்கென்றே தனியாக மருந்து தயாரித்துக் கொடுத்த செய்தி 2025 மே மாதம் வந்தது. கொழுப்புத் துகளில் வைத்து அனுப்பியதால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கொடுக்கவும் முடிந்தது.

பிரச்சினை எண்ணிக்கையில்தான். நுரையீரலில் கெட்டியான சளி சேரும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் ஒரே மரபணுவில் 2,000-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் பதிவாகியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித் திருத்தம் என்றால், அபூர்வ மாற்றம் உள்ள குழந்தையின் முறை எப்போது வரும்? முழு மரபணுவையும் சரியான இடத்தில் செருகினால் எல்லா மாற்றங்களுக்கும் ஒரே மருந்து போதும். தாவும் மரபணுக்கள் மேல் இத்தனை பேர் கண் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். சொல்லப்போனால் காஸ்-9, காஸ்-12 ஆகிய கிரிஸ்பர் புரதங்களின் முன்னோர்களும் தாவும் மரபணுக்களுக்குள் இருந்த புரதங்கள்தான்; 2021-இல் அவை உறுதியாக அடையாளம் காணப்பட்டன.

## விலாசம் பார்க்காத தாவும் மரபணுக்கள்

ஸ்லீப்பிங் பியூட்டி என்பது சால்மன் வகை மீன்களில் எப்போதோ செயலிழந்த தாவும் மரபணு. மிச்சங்களை ஒப்பிட்டு, பிழைகளைத் திருத்தி, 1997-இல் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். பிக்கிபேக் முட்டைக்கோஸ் புழுவின் அந்துப்பூச்சியிலிருந்து வந்தது. வைரஸ் தயாரிக்கும் செலவு இல்லை, பெரிய மரபணுவையும் சுமக்கும். புற்றுநோய்க்கான கார்-டி செல்களை (புற்றுநோயைத் தாக்கும்படி மாற்றப்பட்ட நோயாளியின் எதிர்ப்புச் செல்கள்) மலிவாகச் செய்யலாம் என்று பல நாடுகளில் ஆய்வுகள் தொடங்கின.

"இயற்கையானது, வைரஸ் இல்லாதது, அதனால் பாதுகாப்பானது" என்ற வாதம் இங்கேதான் அடிபட்டுப் போனது. சிட்னியில் பிக்கிபேக் மூலம் செய்த கார்-டி செல்களைப் பெற்ற 10 பேரில் இரண்டு பேருக்கு அந்தச் செல்களே லிம்ஃபோமா என்ற புற்றுநோயாக மாறின, ஒருவர் இறந்தார். 2021-இல் முழு விவரமும் வெளியானது. கெட்டுப்போன செல்களில் செருகிய மரபணுவின் நகல்கள் அளவுக்கு மீறி இருந்தன. ஒரு செல்லில் இத்தனை இடங்களில் போய் விழுந்தால், ஏதோ ஒன்று ஆபத்தான இடமாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஸ்லீப்பிங் பியூட்டி இறங்க டிஏ என்ற இரண்டெழுத்து போதும், பிக்கிபேக்குக்கு டிடிஏஏ என்ற நான்கெழுத்து. குரோமோசோமில் இவை இல்லாத இடம் எது? ஸ்லீப்பிங் பியூட்டி கிட்டத்தட்ட எங்கும் பரவலாக விழுகிறது. பிக்கிபேக் செயல்படும் மரபணுக்களின் தொடக்கத்தை நாடுகிறது. இரண்டில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஸ்லீப்பிங் பியூட்டியை எடுப்பேன், அதுவும் நகல் எண்ணிக்கையைக் கறாராக அளக்கும் குழுவிடம் மட்டும்.

## விலாசம் பார்த்து இறங்கும் தாவும் மரபணுக்கள்

டிஎன்-7 என்ற பாக்டீரியத் தாவும் மரபணுவைப் பாருங்கள். பாக்டீரியா உயிர்வாழ அவசியமான ஜிஎல்எம்எஸ் என்ற மரபணுவின் விலாசத்தைத் தேடிப் போகும், ஆனால் அதற்குள் இறங்காது. அது முடிந்த இடத்துக்கு அடுத்தாற்போல், எதையும் கெடுக்காமல் உட்காரும். ஏற்கெனவே ஒரு நகல் இருந்தால் பக்கத்தில் இன்னொன்று வர விடாது. சிட்னியில் இல்லாமல் போன இரண்டு காப்புகளும் இதில் இயற்கையாகவே இருக்கின்றன.

டிஎன்-7-இன் உறவினர்கள் சிலர் கிரிஸ்பரையே கடன் வாங்கி, வழிகாட்டி ஆர்என்ஏ (டிஎன்ஏவின் நெருங்கிய உறவான, விலாசத்தைச் சுமக்கும் மூலக்கூறு) சொல்லும் இடத்தில் இறங்குகிறார்கள். காஸ்ட் என்று சுருக்கமாகச் சொல்லும் இவற்றை 2019-இல் சாம் ஸ்டெர்ன்பெர்க் குழுவும் ஃபெங் ஜாங் குழுவும் தனித்தனியே காட்டினார்கள். இரண்டு இழையும் வெட்டி அப்படியே விட்டுவிடும் நிலை இதில் இல்லை; மரபணு நேரடியாகச் செருகப்படுகிறது. மனிதச் செல்லில் முதலில் படுமந்தமாக இருந்தது, வேலை செய்ய வைக்கச் சேர்த்த பாக்டீரியப் புரதம் செல்லுக்கே நஞ்சாக இருந்தது. 2025-இல் டேவிட் லியு, ஸ்டெர்ன்பெர்க் குழுக்கள் ஆய்வகப் பரிணாமத்தின் மூலம், அதாவது புரதத்தில் மாற்றங்களை உண்டாக்கிச் சிறந்ததைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போய், அதை 200 மடங்குக்கு மேல் மேம்படுத்தி, 10-லிருந்து 30 சதவீதம் வரை செருகலைக் காட்டின. இன்னும் பாகங்கள் அதிகம். அத்தனையும் ஒரே செல்லுக்குள் போய்ச் சேர வேண்டும்.

2024-இல் பேட்ரிக் சூ குழு ஐஎஸ்-621 என்ற மிகச் சிறிய பாக்டீரியத் தாவும் மரபணுவில் இன்னொரு வழியைக் கண்டது. ஒரே ஆர்என்ஏவின் ஒரு வளையம் இறங்க வேண்டிய இடத்தையும் மறு வளையம் செருக வேண்டிய துண்டையும் பிடித்துக்கொள்கிறது. பால ஆர்என்ஏ என்று பெயர். செருகுவதோடு நீக்கவும் திருப்பிப் போடவும் முடியும். மிதமிஞ்சி நீண்டுபோன டிஎன்ஏ தொடர்களால் வரும் நோய்களுக்கு இந்த நீக்கும் திறன்தான் பெரிதாகப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

என் மனதுக்கு மிக நெருக்கமானது ஆர்-2. பட்டுப்புழுவில் டாம் ஐக்புஷ் குழு இதை நுணுக்கமாக ஆராய்ந்தது. ஆர்-2 என்ற இந்தத் தாவும் மரபணு, புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்கான ஆர்என்ஏ மரபணுவில், அதுவும் ஒரே குறிப்பிட்ட புள்ளியில் மட்டும் இறங்கும். அந்த மரபணு ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில் இருப்பதால், சில நகல்கள் பழுதானாலும் செல் தாங்கிக்கொள்ளும். இறங்கும் விதமும் அழகு: முதலில் ஓர் இழையை மட்டும் வெட்டுகிறது, வெட்டிய நுனியையே பிடிமானமாக வைத்து, கையோடு கொண்டுவந்த ஆர்என்ஏவை அந்த இடத்திலேயே டிஎன்ஏவாக எழுதுகிறது. கேத்லீன் காலின்ஸ் குழு 2024-இல் பறவைகளின் ஆர்-2 புரதத்தைக் கொண்டு மனிதச் செல்களில் இப்படி முழு மரபணுவைச் செருகிக் காட்டியது. உள்ளே அனுப்பியது இரண்டு ஆர்என்ஏக்கள் மட்டுமே.

"ஆர்என்ஏ மட்டுமே" என்பது ஏன் பெரிய விஷயம்? காஸ்ட், பால ஆர்என்ஏ இரண்டுக்கும் செருக வேண்டிய மரபணுவை டிஎன்ஏவாக அனுப்ப வேண்டும். வெளியிலிருந்து வெறும் டிஎன்ஏ உள்ளே வந்தால் செல் அதைக் கிருமித் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு அபாயச் சமிக்ஞை அனுப்பும். உடம்புக்கு வெளியே செல்லை வைத்துச் செய்வதென்றால் சமாளிக்கலாம். ஈரலுக்கு நேராக ஊசி போடுவதென்றால் கஷ்டம். ஆர்என்ஏவோ கோவிட் தடுப்பூசி போல கொழுப்புத் துகளில் போய்விடும், திரும்பவும் கொடுக்கலாம். ஆர்-2-வுக்கும் குறை உண்டு: இந்த இனம் எழுதுவதைப் பாதியில் நிறுத்திவிடும் பழக்கம் கொண்டது, அரைகுறை நகல்கள் சேரும். ரைபோசோம் பகுதியில் வைத்த மரபணு வருடக்கணக்கில் அடங்காமல் இயங்குமா என்பதும் உடம்பில் பார்த்துத்தான் தெரிய வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | எங்கே இறங்கும் | இரு இழை வெட்டு விட்டுப்போகுமா | சுமை | மறுபடி கொடுக்கலாமா | இன்றைய நிலை |
|---|---|---|---|---|---|
| லென்டிவைரஸ் | செயல்படும் மரபணுக்களின் நடுவில், பரவலாக | இல்லை | சுமார் 8,000 எழுத்து | மீண்டும் கீமோ வேண்டும் | அனுமதி பெற்றவை உண்டு |
| ஏஏவி | பெரும்பாலும் இறங்காது | இல்லை | 4,700 | அதே வகையை முடியாது | அனுமதி பெற்றவை உண்டு |
| கிரிஸ்பர் வெட்டு | குறித்த இடம் | ஆம் | பெரிதாகச் செருகுவது கடினம் | அனுப்பும் முறையைப் பொறுத்தது | அனுமதி பெற்றது உண்டு |
| எழுத்துத் திருத்தம் | குறித்த இடம் | பெரும்பாலும் இல்லை | ஓரெழுத்து | கொழுப்புத் துகளில் முடியும் | மனித ஆய்வில் |
| ஸ்லீப்பிங் பியூட்டி, பிக்கிபேக் | பரவலாக | இல்லை | 10,000-க்கும் மேல் | செல்லைப் பொறுத்தது | மனித ஆய்வில் |
| காஸ்ட், பால ஆர்என்ஏ | குறித்த இடம் | இல்லை | பெரியது | அனுப்பும் வழி தீரவில்லை | ஆய்வகத்தில் |
| ஆர்-2 | ரைபோசோம் மரபணு மட்டும் | இல்லை | முழு மரபணு | கொள்கையளவில் முடியும் | ஆய்வகத்தில் |

## சரி, யாருக்கு எது

காத்திருக்க முடியுமா என்பதை நோயே சொல்லும். எஸ்எம்ஏ உள்ள கைக்குழந்தைக்கு ஒவ்வொரு வாரமும் நரம்புச் செல்கள் போய்க்கொண்டிருக்கின்றன. கிடைப்பதை எடுக்க வேண்டும். மூளையைத் தாக்கும் ஏஎல்டியிலும் அப்படித்தான், ஆனால் பொருத்தமான மஜ்ஜைக் கொடையாளி கிடைத்தால் லென்டிவைரஸுக்கு முன்னால் அதைத்தான் யோசிக்க வேண்டும்.

தலசீமியாவில் உடன்பிறந்தவரின் மஜ்ஜை முழுதாகப் பொருந்தினால், என்னைக் கேட்டால், இன்றும் அதுதான் முதல் வழி. மரபணு சிகிச்சையின் பளபளப்பில் அதைத் தள்ளிப் போடாதீர்கள். பொருத்தம் இல்லையென்றால், ரத்தம் ஏற்ற ஏற்ற இதயத்திலும் ஈரலிலும் இரும்பு சேர்வதை மறக்காமல் கணக்கில் எடுங்கள். இரும்பு கட்டுக்குள் இருக்கும் பிள்ளைக்குச் சில வருடம் பொறுப்பது நியாயமான முடிவு. ஏற்கெனவே இதயம் பாதிக்கத் தொடங்கியிருந்தால் பொறுப்பதும் ஓர் ஆபத்துதான்.

ஹீமோஃபிலியா ஏ உள்ளவர்களுக்குப் பொறுக்க இடம் அதிகம். எமிசிசுமாப் ஊசி ரத்தக்கசிவை நன்றாகக் குறைக்கிறது, அது ஒழுங்காகக் கிடைக்கும் பெரியவர் அவசரப்பட வேண்டியதில்லை. ஏஏவியை எடுப்பதாக இருந்தால் மட்டும், அதே வகையை இன்னொரு முறை எடுக்க முடியாது என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொண்டு எடுங்கள். ஊசி கிடைப்பதே சிரமம், மூட்டுகள் கெட்டுக்கொண்டே வருகின்றன என்றால் வேலூர் மாதிரியான ஆய்வைப் பற்றி விசாரிப்பது பொருத்தமாக இருக்கும்.

ரத்தப் புற்றுநோய்க்குக் கார்-டி தேவைப்படுபவருக்கு இரண்டாம் புற்றுநோய் பற்றிய பயம் முடிவைத் தீர்மானிக்கக் கூடாது. முதல் நோய் அவ்வளவு நேரம் கொடுக்காது. ஐஐடி மும்பையும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கி 2023-இல் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்-19 லென்டிவைரஸில் செய்ததுதான்.

மாணவர்களுக்கு: விலாசம் பார்க்கும் இனத்தை எடுங்கள். ஆனால் செருகும் சதவீதத்தை ஏற்றும் போட்டியில் பெரிய ஆய்வகங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆர்-2 ஏன் பாதியில் நிற்கிறது, ரைபோசோம் பகுதியில் வைத்த மரபணு எப்போது அடங்கிப்போகிறது, டிஎன்ஏவை அபாயச் சமிக்ஞை எழாமல் எப்படி அனுப்புவது, இந்த மூன்றிலும் சின்ன ஆய்வகத்தால்கூடச் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது.

பெற்றோர் கையெழுத்துப் போடும் முன் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். குரோமோசோமில் சேரும் வகைச் சிகிச்சைகளுக்கு 15 வருடம் வரை கண்காணிப்பு வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பரிந்துரைக்கிறது. அந்தப் பரிசோதனைகளின் செலவை யார் ஏற்பார்கள், ஊர் மாறிப் போனால் யார் பார்ப்பார்கள், நிறுவனம் ஆய்வைக் கைவிட்டால் பதிவேடு யாரிடம் இருக்கும்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.